பிரியாணித் தண்ணீருக்குள் ஒரு காடு இருக்கிறது, தெரியுமா?

திண்டுக்கல்லில் எந்த பிரியாணிக் கடை மாஸ்டரிடமும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சீரகச்சம்பாவைச் சொல்வார், ஆட்டைப் பார்த்து வாங்கும் கண்ணைச் சொல்வார், தம் போடும் பக்குவத்தைச் சொல்வார். கடைசியில் கரண்டியை வைத்துவிட்டு, "எல்லாத்துக்கும் மேல நம்ம தண்ணி இருக்கு பாருங்க, அது வேற ஊர்ல கிடைக்காது" என்பார். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தெரியுமா? ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து! சரி, அணைக்கு எங்கிருந்து வருகிறது? மேற்கே நீலமாகத் தெரிகிறதே கீழ்ப்பழனி மலை, அந்தக் காட்டு மண்ணுக்குள்ளிருந்து! ஆடலூர், பன்றிமலைப் பக்கம் பெய்த மழை சருகுக்கு அடியில் இறங்கி, பாறை இடுக்கில் கசிந்து, ஓடையாகச் சேர்ந்து, குடகனாறாகி, அணையில் நின்று, குழாயில் ஓடி, கடைசியில் பிரியாணி தேக்சாவுக்குள் விழுகிறது. நாம் சாப்பிடுவது அரிசியும் கறியும் மட்டுமா? காட்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறோம்.

மலைக்கோட்டை உச்சியில் ஏறி நின்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். காலடியில் மொட்டைப் பாறை, கீழே ஊர், ஊருக்கு அப்பால் வெயிலில் காயும் சமவெளி. ஆனால் தென்கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலை, கிழக்கே நத்தம் பக்கம் கரந்தமலை, வடக்கே அய்யலூர்க் குன்றுகள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைகளே வாங்கிக்கொள்வதால் நமக்கு மிஞ்சுவது காற்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்கு மழையை நம்பித்தான் பிழைப்பு. அந்த இரண்டு மாத மழையைப் பிடித்து வைத்துப் பங்குனி, சித்திரை வரை கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடும் பெரிய தொட்டி ஒன்று வேண்டும் அல்லவா? அந்தத் தொட்டிதான் மலைக்காடு. சிமெண்டும் கம்பியும் இல்லாமல் கட்டிய தொட்டி!

எப்படி வேலை செய்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைச் சாலையோரக் காட்டுக்குள் சருகின் மேல் ஊற்றினேன். ஒரு சொட்டுகூட ஓடவில்லை. "சொய்ங்" என்று உள்ளே போய்விட்டது. சருகை விலக்கிப் பார்த்தால் கறுப்பு மண், அதில் வெள்ளை நூல் போலப் பூஞ்சை இழை, மண்புழு எச்சம், அழுகிய வேர் விட்டுப்போன சின்னச் சின்னத் துளைகள். தண்ணீர் அத்தனை துளைகளிலும் இறங்கிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளிச் சாலைக்காக வெட்டிய செம்மண் சரிவு. அங்கேயும் அதே அளவு ஊற்றினேன். கண் இமைப்பதற்குள் செந்நிறக் குழம்பாகி என் செருப்பு வரை ஓடி வந்துவிட்டது! மரத்தை வெட்டினால் மழை குறையுமா, குறையாதா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். மழை குறையாமலே இருக்கட்டும், பெய்த மழை மண்ணுக்குள் இறங்க வேண்டுமே! இறங்காத மழை ஒரே நாளில் வெள்ளமாகிப் போய்விடும், மேல் மண்ணையும் கூட்டிக்கொண்டு.

சிறுமலை என்ற பெயர் எவ்வளவு பழையது, தெரியுமா? சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது! காடுகாண் காதையில் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவருக்கும் மாங்காட்டு மறையவன் மதுரைக்கு வழி சொல்கிறான். அந்த வழியில்தான் பாண்டியனின் சிறுமலை வருகிறது. அங்கே என்னென்ன விளைகிறது என்று அடுக்கும்போது வாழையும் பலாவும் மாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சிறுமலை வாழை அன்றைக்கே பேர் போனது! எனக்குப் புல்லரிப்பது இன்னொரு செய்தியில். முல்லை என்னும் காடும் குறிஞ்சி என்னும் மலையும் தம் இயல்பு கெட்டால் பாலையாகிவிடும் என்ற புகழ்பெற்ற வாக்கும் இதே மறையவன் வாயிலிருந்து, இதே வழி சொல்லும் பேச்சில்தான் வருகிறது. தமிழன் பாலையைத் தனி நிலமாகப் பார்க்கவில்லை. கெட்டுப்போன காட்டுக்கு வைத்த பெயர் அது!

அந்த வாழையின் கதையைச் சொல்லாமல் போனால் திண்டுக்கல்லின் வாழைச் சந்தையான சிறுமலை செட்டில் மண்டி வைத்திருப்பவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். மலை வாழை சமவெளி வாழை போலத் தோப்பாக வெயிலில் நிற்பதில்லை. மேலே பெரிய மரங்களின் நிழல், நடுவே காப்பியும் எலுமிச்சையும், மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி, இவற்றுக்கிடையே வாழை என்று காட்டைப் போலவே அடுக்கடுக்காக வளர்கிறது. சாலை போகாத தோட்டங்களிலிருந்து குதிரை முதுகில் தார்களை ஏற்றிக் கொண்டுவருவார்கள். பழனி மலைப் பக்கத்து விருப்பாச்சி வாழையும் இதன் உறவுதான். பழனி பஞ்சாமிர்தம் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் செய்தும் நாள்கணக்கில் கெடாமல் இருக்கிறதே, என்ன காரணம், தெரியுமா? விருப்பாச்சிப் பழத்தில் ஈரப்பதம் குறைவு என்பது ஒரு முக்கியக் காரணம்! இரண்டு மலை வாழைகளுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் வந்து மலைமலையாகத் தோட்டங்களை அழித்தது. வாழை போனதும் என்ன ஆகும்? நிழல் மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற எண்ணம் வரும். மரத்தை விற்றுவிட்டு நிலத்தையும் விற்கலாமே என்று தோன்றும். ஒரு பூச்சியும் ஒரு கிருமியும் சேர்ந்தால் கோடரியை எடுத்துக் கையில் கொடுத்துவிடும்!

இனி வருவது இந்த ஊரின் ஆச்சரியங்களிலேயே பெரியது. மரம் நட்டே காட்டை அழிக்கலாம், தெரியுமா?

நம்ப முடியவில்லையா? ஆவாரம்பூவிலிருந்து தொடங்குகிறேன். பொங்கலுக்கு முதல்நாள் வீட்டு வாசலில் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துச் செருகுகிறோமே, அதே ஆவாரம்பூ. அந்தச் செடியின் பட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. பட்டையை ஊறவைத்த தண்ணீரில் தோலைப் போட்டால், டானின் தோலின் புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு தோல் அழுகாது. திண்டுக்கல்லின் தோல் தொழில் இந்தப் பட்டையை நம்பித்தான் வளர்ந்தது. சுண்ணாம்புக் குழிக்குள் நின்று கால் வெந்த மனிதர்களின் உழைப்பில் வளர்ந்தது. அவர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. திண்டுக்கல்காரர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டிய புத்தகம் என்பேன்.

காட்டோரத்திலும் தரிசிலும் தானாக முளைக்கும் ஆவாரை எத்தனை தோலுக்குப் போதும்? அதைவிட டானின் அதிகமுள்ள வாட்டில் என்ற மரத்தின் பட்டையைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் இறக்கினார்கள். அங்கே வாழ்ந்த இந்தியர்களை நிறவெறியோடு நடத்தியதற்காக 1946-ல் இந்தியா அந்த நாட்டோடு வணிகத்தையே முறித்துக்கொண்டது. நியாயமான முடிவு, பெருமைப்பட வேண்டிய முடிவு. பட்டைக்கு வழி? நம் மலையிலேயே நட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டிலை வரிசை வரிசையாக நட்டார்கள். கூடவே தைலமரமும் பைனும். எங்கே நட்டார்கள், தெரியுமா? உச்சியில் அலை அலையாகக் கிடந்த புல்வெளிகளில். "சும்மா கிடக்கும் தரிசு" என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கணக்கில் எழுதிவைத்த நிலம் அது.

அது தரிசே இல்லை. மேல்பழனி மலையின் இயல்பே அதுதான். பள்ளத்தாக்கு மடிப்புகளில் குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை, மேட்டில் புல்வெளி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இப்படித்தான். மேகம் இறங்கி உரசும்போது சோலையின் பாசி படர்ந்த கிளைகள் அந்த ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடும். புல் மழையை வாங்கி மண்ணுக்குள் அனுப்பிவிட்டுத் தனக்குக் கொஞ்சமே குடிக்கும். வேகமாக வளரும் அயல் மரம் அப்படியா? உறிஞ்சித் தள்ளும்! நீலகிரியில் கிளன்மார்கன் என்ற இடத்தில் புல்வெளியில் தைலமரம் நட்டுப் பத்து ஆண்டு அளந்து பார்த்தார்கள். ஓடையில் வரும் நீர் 16 சதவீதம் குறைந்திருந்தது. மலை உச்சியில் மரம் பெருகப் பெருக ஓடை மெலிகிறது! மரம் என்றாலே நல்லது என்று பழகிய நமக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும். எனக்கும் ஆயிற்று.

பழனி மலைக்கு மேலே செயற்கைக்கோள் எடுத்த படங்களை ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்டார்கள். 1973 தொடங்கி 2014 வரையான நாற்பது ஆண்டுகளில் இங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கிறது. அத்தனையும் வீடு கட்டியா போயிற்று? பெரும்பகுதி மரம் நட்டும், மரமே தானாகப் பரவியும், வேளாண்மைக்குத் திருப்பியும்! வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உறங்கும். காட்டுத்தீ வந்தால் மற்றவை கருகும், இதுவோ சூட்டில் உறை உடைந்து முளைக்கும். புல்லை நம்பியே வாழும் வரையாடு எங்கே போகும்? நம் மாநில விலங்கு அது. அதைக் காப்பதற்கென்றே 2023-ல் தமிழக அரசு தனித் திட்டம் தொடங்கியிருக்கிறது. பழனி மலையின் பெயரையே சுமக்கும் ஒரு சிரிப்பான் குருவிகூட உண்டு, தெரியுமா? பேர்பேங்க் என்ற பாதிரியாரின் பெயரை அதன் அறிவியல் பெயரில் சேர்த்து 1869-ல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். மேற்கு மலைத் தொடரின் தெற்கு உச்சிகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது!

தோலுக்காக மலையில் நடந்தது இது. அதே தோல் கீழே என்ன செய்தது? தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள் ஊன்றிய தீர்ப்பு. அதற்குள் நம் ஊர் இருக்கிறது, தெரியுமா? திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அதில் பதிவாகியிருக்கிறது. 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. பெண்களும் பிள்ளைகளும் குடிதண்ணீருக்கு மைல்கணக்கில் நடக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறது. மேலே ஓடை மெலிய, கீழே கிணறு உப்பேற, நடுவில் மாட்டிக்கொண்டது குடகனாறு.

அந்தக் குடகனாறு என்ன ஆறு, தெரியுமா? வருஷத்தில் பல மாதம் மணலும் முள்ளும்தான் தெரியும். ஆனால் 1977-ல் வேடசந்தூர் அருகே அழகாபுரியில் அதன் அணை உடைந்தது! வெள்ளம் கரைக்கு மேலேயே வழிந்து மண் அணையை அறுத்துக்கொண்டு போனது. இந்திய அணை விபத்துகளைப் பேசும் பொறியியல் பாடங்களில் இன்றைக்கும் அந்தப் பெயர் வரும். காடு குறைந்ததால்தான் உடைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. புயல்மழை அது. ஆனால் ஒன்றுமே இல்லாமல் கிடப்பதும், வந்தால் அணையை உடைப்பதுமாக ஒரு ஆறு இருக்குமானால், இடையில் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும் மண்ணைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

கோடரி இந்தப் பக்கம் எப்போது வேகமெடுத்தது? திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது 1875-ல். தென்னிந்தியாவில் ரயில் எஞ்சின்கள் ஆரம்பக் காலத்தில் விறகை எரித்தே ஓடின. தண்டவாளத்துக்கு அடியில் கிடத்தவும் மரம், எஞ்சினுக்கும் மரம்! இப்படியே போனால் எதுவும் மிஞ்சாது என்று பயந்துதான் மெட்ராஸ் அரசு 1882-ல் வனச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1877-ல், விறகுக்கென்று கடல் கடந்து ஒரு விதை வந்து இறங்கியது. இன்றைக்கு நம் கண்மாயெல்லாம் நிறைந்து கிடக்கும் சீமைக்கருவேலம்தான் அது! உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் அதைப் பிடுங்கச் சொல்லி உத்தரவிட்டபோது திண்டுக்கல் மாவட்டத்திலும் பொக்லைன்கள் இறங்கின.

உலகக் கணக்கையும் ஒரு வரி கேளுங்கள். 1990-க்குப் பிறகு முப்பதே ஆண்டுகளில் 42 கோடி ஹெக்டேர் காடு வேறு நிலமாக மாற்றப்பட்டது என்கிறது ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு. இந்தியாவின் மொத்தப் பரப்பே 33 கோடி ஹெக்டேருக்குள்தான்! அழிவில் பத்தில் ஒன்பது பங்குக்குக் காரணம் பயிரும் மேய்ச்சலும். மரம் வெட்டுபவனைத் திட்டிக்கொண்டிருக்கிறோம், வெட்டச் சொல்வது பெரும்பாலும் நம் தட்டுதான்.

தட்டுக்காக மட்டுமா வெட்டினோம்? நான்குவழிச் சாலைக்காக வெட்டிய புளியமரங்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ராணி மங்கம்மாள் சாலைகள் போட்டு, ஓரத்தில் மரம் வைத்த சீமை இது. மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே நிழலும் வெயிலுமாக மாறி மாறி முகத்தில் விழுந்த காலம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

இப்போது ஒரு நல்ல செய்தி. பழனி மலையில் பழைய வாட்டில், பைன் தோப்புகளுக்கு உள்ளே போய்ப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். குருவிகள் எச்சத்தோடு போட்ட விதையிலிருந்து, அயல் மரங்களின் நிழலிலேயே, சோலை மரக்கன்றுகள் எழுந்து நிற்கின்றன! அதனால் அயல் மரம் என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள், சோலை திரும்புகிற இடத்தில் விட்டுவிடுங்கள், புல்வெளிக்குள் புதிதாக நுழைகிற இடத்தில் பிடுங்குங்கள் என்று காட்டை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். எந்த மரம், எந்த இடம், எந்தக் காலம் என்று பார்த்துச் செய்ய வேண்டிய நுணுக்கமான வேலை.

கடைசியாக, நாம் காடு என்றே மதிக்காத காடு ஒன்று உண்டு. அய்யலூர், வடமதுரை, நத்தம் பக்கம் குன்றுகளில் உசிலை, வெள்வேல், கள்ளி, கிளுவை, சூரை என்று முள்ளாகக் கிடக்குமே, அந்தப் புதர்க்காடு. எண்ணெய் தேய்த்துக் குளிக்க அரப்பு தருவது அந்த உசிலைதான். இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயம் எங்கே இருக்கிறது, தெரியுமா? இங்கேதான்! கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. "தேவாங்கு மாதிரி முழிக்கிறான்" என்று வைவோமே, அந்தத் தேவாங்குக்கு நாடே திரும்பிப் பார்க்கும் ஓர் இடம்!

உள்ளங்கையில் அடங்கிவிடும் பிராணி. குரங்கின் தூரத்து உறவு. இரவெல்லாம் பூச்சி பிடித்துத் தின்று நம் கம்புக்கும் மொச்சைக்கும் காவல் இருக்கிறது. மருந்தென்றும் மாந்திரீகம் என்றும் அதைப் பிடித்துக் கொன்றிருக்கிறோம். ஆனால் அதன் பெரிய சங்கடம் வேறு. அதற்குத் தாவத் தெரியாது, தெரியுமா? குரங்கு போல மரத்துக்கு மரம் பாயாது. ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் மறு கையை எடுக்கும். ஆகவே அதற்கு வேண்டியது எண்ணிக்கையில் நிறைய மரங்கள் மட்டுமில்லை, கிளையோடு கிளை தொட்டுக்கொண்டு நிற்கும் மரங்கள்.

அய்யலூர் பக்கம் ஒரு மாசி மாத இரவில், டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு ஊர்க்காரர் ஒருவரோடு நடந்தேன். "அந்தா, அந்த உசிலையில பாருங்கண்ணே" என்றார். இரண்டு கண்கள் கங்கு போல மின்னின. மெல்ல, மிக மெல்ல, பூச்சி ஊர்வது போல, கிளையின் நுனி வரை நகர்ந்து வந்தது. அடுத்த மரம் இருந்த இடத்தில் புதிதாகப் போட்ட மண் பாதை. வெட்டிய அடிக்கட்டையில் பால் இன்னும் காயவில்லை. தேவாங்கு பின்னங்கால்களால் கிளையைப் பிடித்துக்கொண்டு, மெலிந்த கையை இருட்டுக்குள் முழுசாக நீட்டியது. விரல்களை விரித்துத் துழாவியது. எதுவும் எட்டவில்லை. கையை மடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு திரும்பி, தண்டு வழியாகக் கீழே பாதையை நோக்கி இறங்கத் தொடங்கியது.